சின்னத் துறையில் பௌதிகவியல்: ஏ.எல் முடிவிலிருந்து முதல் வேலைவரை

ஏ.எல் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற தரப்படுத்திய புள்ளி) வந்தாயிற்று, பொறியியல் பீடத்துக்குப் போதாது. கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதுக் கதையில்லை. பெரும்பாலான நெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது, கொழும்பின் வெட்டுப்புள்ளியோ மேல்வரிசையை விட்டு இறங்குவதில்லை. அப்புறம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டைப் புரட்டி, பௌதிக விஞ்ஞானம், பிரயோக விஞ்ஞானம் என்று வரிசையாகப் போட்டுவிட்டுப் பார்த்தால் வந்தாறுமூலை வருகிறது, சம்மாந்துறை வருகிறது, மிகிந்தலை வருகிறது, எல்லாம் கொழும்புக்குத் தூரத்துப் பல்கலைக்கழகங்கள். வெள்ளவத்தை வீட்டில் உடனே ஆரம்பமாகும்: "பிசிக்ஸ் படிச்சு என்ன செய்யப் போறாய், டீச்சராவா?"

டீச்சராகலாம், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அது ஒன்றுதான் வழி என்பது பழைய கணக்கு. சின்னத் துறைகளில் பாடத்தெரிவு குறைவு, பெயரும் சின்னது, ஆட்களும் குறைவு. ஆட்கள் குறைவு என்பதாலேயே கருவியும் ஆசிரியரும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பார்கள். இதைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் வருடம் முடியுமுன் எந்தப் பக்கம் போவது என்று தீர்மானித்தவர்கள் எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். "பட்டம் முடியட்டும், பார்ப்போம்" என்று இருந்தவர்கள்தான் பட்டதாரி நியமனம் எப்போது வரும் என்று பத்திரிகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே எழுதியிருப்பது முதல் வகையில் சேருவதற்கான வழி.

படி 1: எங்கே சேர்வது

இடம் கிடைத்திருந்தால் எடுங்கள். கொழும்பிலேயே இருக்கவேண்டும் என்பதற்காக, விருப்பமில்லாத ஒரு தனியார் நெறிக்கு இலட்சக்கணக்கில் கட்டிச் சேர்வதைவிட, கட்டணமில்லாமல் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறையில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ யாழ்ப்பாணத்திலோ படிப்பது எவ்வளவோ மேல். மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் கைச்செலவில் கொஞ்சம் அதிலேயே போகும்.

கொழும்பை விட்டுப் போகமுடியாது, வீட்டு நிலைமை அப்படி, வேலைக்கும் போகவேண்டும் என்றால் நாவலயில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. இசட் புள்ளி கேட்க மாட்டார்கள், விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்திருந்தால் போதும். கட்டணம் உண்டு, எடுக்கிற பாடங்களுக்கு ஏற்பக் கட்டலாம். வகுப்பைவிட வீட்டில் இருந்து படிப்பதுதான் அதிகம். அதனால் தானாக உட்கார்ந்து படிக்கிற பழக்கம் இல்லாதவர்கள் அங்கே மூன்று வருடப் பட்டத்தை ஏழு வருடமாக இழுப்பார்கள். சேருவதற்கு முன்னால் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி அதுதான்.

கொழும்புப் பல்கலைக்கழகம் கிடைத்தால் கதையே வேறு, அங்கே பௌதிகவியலோடு பொறியியற் பௌதிகவியல், கணினிசார் பௌதிகவியல் என்று தனிச் சிறப்புப் பட்டங்களே இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவர்களுக்கில்லை.

"சின்ன இடம்" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு பக்கக் கதை. கடந்த நூற்றாண்டின் முதற்பாதியில் முழு நாட்டுக்கும் கொழும்பில் ஒரே இடம்தான், 1921 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி. அங்கே படித்துவிட்டுத்தான் நம் நாட்டுக் கணிதவியலாளர் சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜுக்குப் போய், குவாண்டம் பொறிமுறையை உருவாக்கியவர்களில் ஒருவரான டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தார்.

படி 2: பாடச் சேர்க்கையும் நாலாம் வருடமும்

முதல் வருடம் பெரும்பாலும் மூன்று பாடம் எடுக்கச் சொல்வார்கள். பௌதிகவியலோடு கணிதத்தைக் கட்டாயம் எடுங்கள். மூன்றாவதாகக் கணினி விஞ்ஞானமோ இலத்திரனியலோ இருந்தால் அது, இல்லாவிட்டால் இரசாயனவியல். "கணிதம் கஷ்டம், ஜி.பி.ஏ குறையும்" என்று சீனியர்மார் சொல்வார்கள். குறையலாம். ஆனால் வகையீட்டுச் சமன்பாடும் ஒருபடி அட்சரகணிதமும் தெரியாமல் மூன்றாம் வருடத்துக் குவாண்டம் பொறிமுறையில் நிற்கமுடியாது, நின்றாலும் அது மனப்பாடம்.

மூன்று வருடப் பொதுப் பட்டம், நாலு வருடச் சிறப்புப் பட்டம், இரண்டில் எது என்பதுதான் இந்தப் படியின் பெரிய விஷயம். சிறப்புப் பட்டத்துக்கு முதல் இரண்டு வருடப் பெறுபேறு பார்த்துச் சிலரைத்தான் எடுப்பார்கள். அதனால் முதலாம் செமஸ்டரை ராகிங்குக்கும் ட்ரிப்புக்கும் விட்டுக்கொடுத்தவர்களுக்கு மூன்றாம் வருடத்தில் அந்தக் கதவு திறக்காது. பொதுவாக ஜி.பி.ஏ 3.70 க்கு மேலே முதல் வகுப்பு, 3.30 க்கு மேலே இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்பு என்று ஒரு மூலையில் எண்ணம் இருந்தாலும் நாலாம் வருடம் வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல மூன்று வருடப் பட்டத்தை ஏற்பதில்லை. ஆசிரியர் வேலையோ வங்கியோ மென்பொருளோ என்று முடிவெடுத்துவிட்டால் மூன்று வருடத்தில் வெளியே வந்து மிச்ச வருடத்தை வேறெதிலாவது போடுவதும் கெட்டித்தனம்தான்.

படி 3: முதல் வருடம், ஆங்கிலம்

தமிழ் மொழிமூலம் படித்தவர்களுக்கு விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில் வருவது முதல் இரண்டு மாதம் தலைசுற்றும். பாடம் தெரியும், கேள்வி விளங்காது. ஆங்கில வகுப்புக்குப் போவதைவிட, உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பகுதியை, உதாரணத்துக்கு எளிய இசை இயக்கத்தை, ஆங்கிலப் பாடநூலில் எடுத்துக் கடைசிப் பயிற்சிவரை செய்யுங்கள். கருத்து முன்பே தெரியும் என்பதால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும். கேள்வி கேட்கக் கூச்சமென்றால் விரிவுரை முடிந்தபின் அறைக்குப் போய்த் தமிழிலேயே கேளுங்கள், கிழக்கிலும் வடக்கிலும் பெரும்பாலான விரிவுரையாளர்கள் தமிழ்தான் பேசுவார்கள்.

படி 4: ஆய்வுகூடம், உங்கள் உண்மையான சொத்து

இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். போன வருடத்து ரெக்கோர்ட் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பை எழுதி, வரைபு நேர்கோடாக வருமாறு இரண்டு புள்ளியைத் "திருத்தி", கையொப்பம் வாங்கிக்கொண்டு கன்டீனுக்குப் போவது நாடு முழுக்க நடக்கிறது. பெரிய துறையில் ஒரு திருசியமானிக்கு (ஸ்பெக்ட்ரோமீற்றருக்கு) ஐந்து பேர் என்றால் அதற்காவது ஒரு சாட்டு இருக்கிறது. சின்னத் துறையில் ஆய்வுகூட உதவியாளரைச் சிநேகம் பிடித்தால் பின்னேரம் முழுக்க அந்தக் கருவி உங்களுடையது.

என்ன செய்யலாம் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். சிலிக்கன் டயோட்டின் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளக்கிற பரிசோதனை எல்லாத் துறையிலும் உண்டு. பத்து வாசிப்பு எடுத்து வளையி வரைந்தால் 0.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஓட்டம் சட்டென்று ஏறும், "முழங்கால் அழுத்தம் 0.6" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் அதே பரிசோதனையில் முப்பது நாற்பது வாசிப்பு எடுங்கள், மைக்ரோ அம்பியரிலிருந்து மில்லி அம்பியர் வரைக்கும். இப்போது ஓட்டத்தின் இயற்கை மடக்கையை அழுத்தத்துக்கு எதிரே வரையுங்கள். நடுப்பகுதி நேர்கோடாக வரும். நம் ஊர் அறை வெப்பநிலை 30 பாகை என்று வைத்தால் வெப்ப அழுத்தம் 0.0261 வோல்ட், இலட்சிய டயோட்டுக்கு அந்தக் கோட்டின் சரிவு வோல்ட்டுக்கு 38 அளவில் இருக்கவேண்டும். உங்களுக்கு 22 வருகிறது என்று வைப்போம். 38 ஐ 22 ஆல் வகுத்தால் 1.7. இது உங்கள் டயோட்டின் இலட்சியக் காரணி, அதாவது இலட்சிய டயோட்டிலிருந்து அது எவ்வளவு விலகுகிறது என்று காட்டுகிற எண், சாதாரண சிலிக்கன் டயோட்டுக்கு 1 க்கும் 2 க்கும் இடையில்தான் வரும், ஆக உங்கள் அளவீடு சரி. மேல்முனையில் கோடு வளைந்து படுக்கிறதா, அது டயோட்டின் உள்ளேயும் கம்பியிலும் இருக்கிற தொடர்த்தடை. கீழ்முனையில் சிதறுகிறதா, அது உங்கள் மல்டிமீட்டரின் எல்லை. ஒரு புள்ளியையும் "திருத்த" வேண்டாம், ஒவ்வொரு விலகலும் ஒரு பதில். பிறகு டயோட்டைச் சுடுநீருக்கு மேலே பிடித்து 60 பாகையில் ஒருதரம் எடுத்துப் பாருங்கள், கோடு நகரும்.

இதை வழு மதிப்பீட்டோடு நாலு பக்க அறிக்கையாக எழுதி வைத்தால் நேர்முகப் பரீட்சையில் பத்து நிமிடம் பேசுவதற்கு உங்களிடம் சொந்தச் சரக்கு இருக்கும். துறையில் டயோட் இல்லை என்று சொல்லவும் முடியாது, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் கடைகளில் ஒரு கைப்பிடி 1என்4007 ஒரு பிளேன்டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்குக் கிடைக்கும். விடுமுறைக்குக் கொழும்பு வரும்போது அப்படியே ஒரு ஆர்டுயினோவும் வெப்ப உணரியும் வாங்கிக்கொண்டு போங்கள்.

படி 5: கணினி

பைதன் நிரலாக்க மொழி. வேறு விவாதம் வேண்டாம். மேலே சொன்ன டயோட் வாசிப்பை எக்செலில் போடாமல் பைதனில் வாசித்து, வளையியைப் பொருத்தி, சரிவையும் அதன் வழுவையும் எடுக்கத் தெரிந்தால் ஆரம்பம் முடிந்தது. அப்புறம் ஊசலைப் பெரிய கோணத்தில் ஆடவிட்டு எண்முறையில் தீர்ப்பது, எழுமாற்று நடை, வெப்பக் கடத்தல் என்று துறையில் படிக்கிறதையெல்லாம் ஒருதரம் கணினியில் செய்து பாருங்கள். செய்ததை, நிரலைப் பொதுவில் வைக்கிற கிட்ஹப் தளத்தில் போடுங்கள், வேலை கொடுப்பவர் பார்ப்பது அதைத்தான். சமன்பாடுகளோடு அறிக்கை எழுதுகிற லேடெக் மென்பொருள் ஒரு வாரத்தில் பிடிபடும்.

படி 6: ஆட்கள்

மூன்று விரிவுரையாளர்களுக்கு உங்கள் முகமும் வேலையும் தெரிந்திருக்கவேண்டும், இரண்டு பேர் போதாது. வெளிநாட்டு விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் மூன்று சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள். "ஒழுக்கமான மாணவர், வரவு நன்று" என்று எழுதிய கடிதத்தால் ஒரு பயனும் இல்லை, அது மற்றப் பக்கத்தில் பாதகமாகவே வாசிக்கப்படும். நாலாம் வருட ஆய்வுத் திட்டத்தைத் தலைப்பின் அழகுக்காக எடுக்காதீர்கள், வாராவாரம் உங்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிற மேற்பார்வையாளர் யாரோ அவரிடம் போங்கள்.

விடுமுறையில் கொழும்பு வீட்டில் சும்மா இருக்காமல் பயிற்சிக்குக் கேளுங்கள். ஹோமாகம பிட்டிபனயில் நனோ தொழினுட்ப நிறுவனம் இருக்கிறது, மொரட்டுவ கட்டுபெத்தயில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம், அங்கே 45 சென்டிமீற்றர் தொலைநோக்கியும் உண்டு, பௌத்தாலோக மாவத்தையில் கைத்தொழில் தொழினுட்ப நிறுவனம். துறைத் தலைவரின் கடிதத்தோடு நேரே போய்க் கொடுங்கள். ஈமெயில் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் அது அப்படியே கிடக்கும்.

படி 7: கதவைத் தெரிவுசெய்வது

இரண்டாம் வருடக் கடைசியில் இதை வாசியுங்கள், மூன்றாம் வருடத்தில் இன்னொருதரம்.

ஆசிரியர் வேலை: தமிழ் மொழிமூலத்தில் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்க ஆளில்லாத பாடசாலைகள் மலையகத்திலும் வன்னியிலும் இன்னும் இருக்கின்றன, கொழும்பிலும் தேவை உண்டு. தேசிய பாடசாலைக்குக் கல்வி அமைச்சு, மற்றவற்றுக்கு மாகாண சபை, இரண்டுக்கும் வர்த்தமானியும் போட்டிப் பரீட்சையும். சேர்ந்தபின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடித்துவிடுங்கள், பதவி உயர்வு அதில் தொங்குகிறது. அரச நியமனம் வரும்வரை கொழும்பில் சர்வதேசப் பாடசாலைகளைக் கேட்டுப் பார்க்கலாம், அங்கே கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் பாடத்திட்டம், கேள்வியின் பாணியே வேறு, பழைய வினாத்தாள் பத்துப் பதினைந்து செய்யாமல் மாதிரி வகுப்புக்குப் போகாதீர்கள். டியூஷன் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

மருத்துவப் பௌதிகவியல்: மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை, யாழ்ப்பாணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை போன்ற இடங்களில் கதிர்ச் சிகிச்சை நடக்கிறது. நோயாளிக்கு எந்தத் திசையிலிருந்து எவ்வளவு கதிர் போகவேண்டும் என்று கணிப்பது, இயந்திரம் சொன்ன அளவைத்தான் கொடுக்கிறதா என்று சரிபார்ப்பது, இவை பௌதிகவியலாளரின் வேலை. இதற்கு முதுமாணி வேண்டும், பேராதனையில் பட்டப்பின் விஞ்ஞான நிறுவகம் நடத்துகிறது. பதவிகள் கொஞ்சம்தான், வருடாவருடம் ஆள் எடுப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். ஆனால் வெளிநாட்டிலும் செல்லுபடியாகிற துறை.

அணுவும் சிதைக்காத சோதனையும்: இதைப் பற்றித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு கொதிகலனின் வெல்டிங் இணைப்பில், ஒரு எண்ணெய்க் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று அதை வெட்டாமல் பார்ப்பதுதான் வேலை. கழியொலி, எக்ஸ் கதிர் அல்லது காமாக் கதிர்ப் படம், காந்தத் துகள், சாயம் ஊடுருவல், சுழிப்போட்டம் என்று முறைகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று மட்டம். ஒருகொடவத்தையில் தலைமையகம் வைத்திருக்கிற இலங்கை அணுசக்தி சபையின் கீழே, களனியில் இதற்கென்றே தேசிய நிலையம் ஒன்று பயிற்சி கொடுக்கிறது. பட்டத்தோடு இரண்டாம் மட்டச் சான்றிதழ் இரண்டு முறையில் கையில் இருந்தால் வளைகுடாவில் வேலை தேடுவது இலேசு. வெயில், சாரக்கட்டு, இரவு ஷிஃப்ட் எல்லாம் உண்டு, குளிரறை வேலை இல்லை. மேசை வேலைதான் வேண்டும் என்பவர்களுக்கு, 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அணுசக்தி ஒழுங்குறுத்தல் பேரவை இருக்கிறது, நாட்டில் கதிர் மூலங்களுக்கு அனுமதி கொடுப்பதும் சோதிப்பதும் அவர்கள்தான்.

வானிலையும் அளவீடும்: வளிமண்டலவியல் திணைக்களம் கொழும்பு 7 இல், கட்டுநாயக்க விமான நிலையத்திலும் அவர்களின் பிரிவு இருக்கிறது. பௌதிகவியலும் கணிதமும் படித்தவர்களைத்தான் எடுப்பார்கள், சுழற்சி முறை வேலை. ஹோமாகமயில் இருக்கிற அளவீட்டு அலகுகள் திணைக்களம் இன்னொன்று. தனியார் பக்கத்தில் அளவுத்திருத்த ஆய்வுகூடங்கள் இருக்கின்றன, ஆய்வுகூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ 17025 நியமம் என்றால் என்ன, அளவீட்டு நிச்சயமின்மையை எப்படிக் கணிப்பது என்று தெரிந்துகொண்டு போனால் போதும். நாலாம் படியை ஒழுங்காகச் செய்தவருக்கு இது புதிதாகவே இருக்காது.

மென்பொருளும் தரவும்: கொழும்பில் ஆகக் கூடுதலாகச் சம்பளம் வருகிற கதவு இதுதான். லண்டன் பங்குச் சந்தைக் குழுமம் 2009 இல் வாங்கிய மிலேனியம் ஐ.டி நிறுவனம் மாலபேயில் இருந்துதான் பங்குச் சந்தைகளுக்கான மென்பொருளைச் செய்கிறது, அதுபோலச் சின்னதும் பெரிதுமாகப் பல. பௌதிகவியல் பட்டம் தடையில்லை, ஆனால் கணினிப் பட்டதாரியோடு ஒரே வரிசையில் நிற்கிறீர்கள், அதனால் கிட்ஹப்பில் ஏதாவது இருக்கவேண்டும். வங்கி, காப்புறுதிக்கும் ஏறக்குறைய இதே கதை.

ஒரு எச்சரிக்கை: பௌதிகவியல் படித்துப் பிறகு "பொறியியலாளர்" ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 2017 இலிருந்து இலங்கையில் பொறியியல் பேரவைச் சட்டம் இருக்கிறது, அந்தப் பதிவுக்கு வேறு தகைமை.

படி 8: வெளிநாடு போகிறவர்களுக்கு நாட்காட்டி

அமெரிக்காவில் பௌதிகவியல் பி.எச்.டிக்குப் பெரும்பாலும் கையிலிருந்து காசு கட்டவேண்டியதில்லை. கற்பித்தல் உதவியாளராக வேலை தந்து, கட்டணத்தைத் தள்ளி, மாதக் கொடுப்பனவும் தருவார்கள். ஏஜென்சிக்காரர் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இதில் கொமிஷன் இல்லை. கட்டணம் கட்டிச் சேர்கிற முதுமாணிக்குத்தான் உங்களைத் தள்ளப் பார்ப்பார்கள்.

விண்ணப்ப முடிவுத் திகதி டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை. அப்படியென்றால் அந்த வருடம் ஜூனுக்குள் டோஃபல் அல்லது ஐயெல்ஸ், ஓகஸ்ட்டில் எட்டுப் பத்துத் துறைகளின் பட்டியல், செப்டெம்பரில் கடிதம் எழுதுகிறவர்களைச் சந்தித்து உங்கள் அறிக்கைகளைக் கொடுப்பது, ஒக்டோபரில் நோக்க அறிக்கை, அதாவது ஏன் அங்கே படிக்க விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதுவது. பௌதிகவியல் ஜீ.ஆர்.ஈ என்கிற பாடப் பரீட்சையைப் பல துறைகள் இப்போது கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆனால் பெயர் தெரியாத பல்கலைக்கழகத்திலிருந்து விண்ணப்பிக்கிறவருக்கு நல்ல புள்ளி ஒன்று நன்றாகவே கைகொடுக்கும், செலவு முடியுமென்றால் எழுதுங்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று ஒவ்வொரு துறைக்கும் எழுதிக் கேளுங்கள், சில இடங்களில் "ஆம்" என்பார்கள்.

பேராசிரியருக்கு எழுதுகிற முதல் ஈமெயிலில் "மதிப்புக்குரிய ஐயா, உங்கள் மகத்தான ஆராய்ச்சி" என்று தொடங்கினால் அது முதல் வரியிலேயே மூடப்படும். ஆறு வரி போதும்: யார், எந்தத் துறை, அவரின் எந்தக் கட்டுரையை வாசித்தீர்கள், அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, நீங்கள் செய்த ஒரு வேலை, அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறாரா.

சின்னத் துறையிலிருந்து நேரே பி.எச்.டிக்குப் பாய்வது கஷ்டமாக இருந்தால் நடுவில் ஒரு படி இருக்கிறது. இத்தாலியில் ட்ரியெஸ்தே நகரத்தில் பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964 இல் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையம் (ஐ.சி.டி.பி), வளர்முக நாட்டு மாணவர்களுக்கென்றே ஒரு வருடப் பட்டப்பின் டிப்ளோமா நடத்துகிறது. கட்டணமில்லை, செலவுக்குக் கொடுப்பனவும் தருகிறார்கள். ஒடுக்கப் பொருட் பௌதிகவியல், உயர்சக்தி, புவித்தொகுதி என்று பிரிவுகள். பாடத்தெரிவு இல்லாத துறையில் விட்டுப்போன எல்லாவற்றையும் அந்த ஒரு வருடத்தில் பிழிந்து எடுப்பார்கள். பெண் பிள்ளைகள் அணுத்துறைப் பக்கம் முதுமாணி செய்வதென்றால், சர்வதேச அணுசக்தி முகவரகம் 2020 இல் மேரி கியூரி பெயரில் தொடங்கிய புலமைப்பரிசிலையும் பார்க்கவேண்டும். ஜெர்மனியில் அரச பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கற்கைக் கட்டணம் இல்லை, பாடன்–வூர்ட்டெம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1500 யூரோ, ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவை வங்கியில் முடக்கிக் காட்டவேண்டும், கொழும்புக் குடும்பங்கள் பல தடுக்குவது அந்த இடத்தில்தான், அதனால் வீட்டில் அந்தப் பேச்சை மூன்றாம் வருடத்திலேயே எடுத்துவிடுங்கள்.